ஜாய்சன் வாசித்த அரை மணி நேரம்

பன்னிரண்டாவது நிமிடத்தில் முதல் ஆள் ஆடுவதை நிறுத்தினாள். பதினைந்தாவது நிமிடத்துக்குள் ஹாலில் பாதிப் பேர் சுவரோரம் ஒதுங்கிவிட்டார்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றிருந்த ஹஃபீசா, ஒவ்வொருவராக ஒதுங்குவதை எண்ணிக்கொண்டே இருந்தாள். ஓடிக்கொண்டிருந்தது அவள் செய்த இசை.

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹால் அது. பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து வேலையை விட்ட சாராள், தினமும் காலை ஆறு மணிக்கு அங்கே நாற்பது பெண்களுக்கு நடன உடற்பயிற்சி சொல்லித்தருகிறார். சினிமாப் பாட்டு போட்டு ஆடி இணையத்தில் வீடியோ ஏற்றினால், உரிமைக்காரர்கள் கேட்டு அதை இறக்கிவிடுகிறார்கள். அதனால் யாருக்கும் சொந்தமில்லாத புது இசை, இடைவிடாமல் அரை மணி நேரம் ஓடும்படி வேண்டும் என்று ஹஃபீசாவிடம் கேட்டிருந்தார். இன்னும் பத்து நாளில், சனிக்கிழமை காலை, ஏரிக்கரையில் இருநூறு பெண்கள் அந்த இசைக்குச் சேர்ந்து ஆடுவதாக ஏற்பாடு.

இசை நின்றதும் சாராள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பாட்டு நல்லாத்தான் கீதும்மா. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா காலு தானா எழும்பணும் பாரு, அது எழும்பல. நான் கத்திக் கத்தி எழுப்ப வேண்டி கீது."

"மெட்டு பிடிக்கலையாக்கா?"

"மெட்டெல்லாம் சூப்பர். அந்த டம்மு டம்முதான் இன்னாவோ மாதிரி கீது."

சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தபீதாள் சிரித்தார். ஓய்வு பெற்ற நர்ஸ். "தப்பா எடுத்துக்காத பாப்பா. எனக்கு ஸ்கேன் மெஷினுக்குள்ள படுத்துக்கினு இருக்கிற மாதிரியே இருந்துச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். ஹஃபீசாவும் சிரித்தாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரம் போய்ச் சேரும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது.

ஹஃபீசாவுக்கு இருபத்தேழு வயது. குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஒரு செயலிக்கு ஒலித் தொகுப்புச் செய்வது வயிற்றுப்பாட்டு வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். அது முடிந்த நேரத்தில், அதே கணினியில், அதே ஹெட்போனில் நடன இசை செய்வாள். அவளுடைய அத்தா ஹனீஃபா, மார்க்கெட் பக்கம் ஆணி, தாழ்ப்பாள், பெயின்ட் விற்கும் கடை வைத்திருந்தார். மகள் செய்கிற இசையைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. தொழுகை நேரத்தில் சத்தம் கேட்கக் கூடாது என்பதைத் தவிர வேறு நிபந்தனையும் போட்டதில்லை.

தபீதாள் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. திரையில் அவளுடைய டிரம்ஸ் கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைத்ததுபோல நின்றது. கால் டிரம்மான கிக், ஒரே பலத்தில், ஒரே இடைவெளியில். ஸ்னேர் டிரம்மும் அப்படியே. ஹை-ஹாட் என்கிற ஜோடித் தாளம் அரை மணி நேரத்தில் சில ஆயிரம் முறை அடிக்கிறது; அத்தனையும் ஒரே அடியின் நகல்.

இணையத்தில் சொல்லியிருந்த வைத்தியமெல்லாம் பார்த்தாள். அடிகளின் பலத்தைக் கண்டபடி ஏற்றி இறக்கும் பொத்தான் ஒன்று மென்பொருளில் உண்டு. அழுத்தினாள். அடிகளைச் சற்றே முன்னும் பின்னும் தள்ளிவிடும் இன்னொன்றையும் அழுத்தினாள். கேட்டால், மெஷின் குடித்துவிட்டு வீட்டுக்கு வழி தேடுவதுபோல இருந்தது. முன்பாவது நிமிர்ந்து நடந்தது.

மூன்றாவது நாள் ஜெரூஷா போன் செய்தாள். கல்லூரித் தோழி. சேலையூரில் இருக்கிறாள். ஹஃபீசா வேறு எதையோ பேச ஆரம்பித்து, டிரம்ஸில் போய் முடித்தாள்.

ஜெரூஷா குரலைத் தாழ்த்தினாள்.

"இவர்கிட்ட கேளேண்டி," என்றாள் ஜெரூஷா. "ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத. டிரம்ஸ்ங்கிற வார்த்தையே வீட்ல வந்து எட்டு மாசம் ஆச்சு."

ஜெரூஷாவின் கணவன் ஜாய்சன், மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகன். ஞாயிறு ஆராதனையிலும், மற்ற நாள்களில் ரிசப்ஷன் கச்சேரிகளிலும் டிரம்ஸ் வாசிப்பான். ஜெரூஷா அவனை முதலில் பார்த்ததே அப்படி ஒரு மேடையில்தான். போன மழைக்காலத்தில், பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் பைக் வழுக்கி விழுந்தான். உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது முன்கையில் நரம்பு போய்விட்டது. இரண்டு ஆபரேஷன் முடிந்து, இப்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அசைகின்றன. குச்சியைப் பிடித்தால் நழுவுகிறது. தொழிற்சாலையில் அவனை ஸ்டோர்ஸுக்கு மாற்றியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர்கள் வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்து ஹஃபீசா போனாள். லேப்டாப்பும், பதினாறு ரப்பர் சதுரங்கள் உள்ள ஒரு சின்னப் பெட்டியும் பையில் இருந்தன. அந்தச் சதுரத்தை விரலால் தட்டினால் டிரம் சத்தம் வரும்; எவ்வளவு பலமாகத் தட்டுகிறோமோ அவ்வளவு சத்தம்.

ஜாய்சன் இன்னும் வெள்ளைச் சட்டையைக் கழற்றவில்லை. "வா ஹஃபீசா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டுறேன். நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லிடுங்க."

அவன் தலையசைக்கும் முன்பே போட்டுவிட்டாள். ஒரு நிமிடம் அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகு புருவம் சுருங்கியது.

"இந்த ஹை-ஹாட்ட வாசிக்கிறவனுக்கு எத்தனை கை?"

"இன்னாண்ணா?"

"இங்க கடகடன்னு ஒரு ரோல் போகுது. ரெண்டு கையும் ஸ்னேர்ல இருக்கு. அப்ப ஹை-ஹாட் நிக்கணும்ல? உன் ஆளு நிறுத்தவே இல்லை. மூணாவது கையால அடிச்சிட்டு இருக்கான்." ரிமோட்டை எடுத்து டி.வி.யை நிறுத்தினான். "கேக்கிறவங்களுக்கு இது தெரியாது. ஆனா உடம்புக்குத் தெரியும். ஒரு மனுஷன் கையத் தூக்குறான், இறக்குறான்னு உடம்பு நம்பினாத்தான் கூட ஆடும். அப்புறம் இந்தச் சின்ன அடிங்க எங்க? பெரிய அடிக்கு நடுவுல ஸ்னேர லேசாத் தடவிட்டே இருப்போமே, கேட்டும் கேக்காத மாதிரி. அது இல்லாம எப்படி…"

சட்டென்று நிறுத்திக்கொண்டான். அந்தச் சின்ன அடிகள் இடது கையின் வேலை.

ஹஃபீசா ரப்பர் சதுரப் பெட்டியை எடுத்து அவன் முன்னால் டீப்பாயில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். பிறகு சமையலறை வாசலில் கரண்டியுடன் நின்ற ஜெரூஷாவைப் பார்த்தான்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சு வந்தீங்களா? பாவம், வீட்ல சும்மா உக்காந்திருக்கான், எதாவது குடுப்போம்னு?"

ஜெரூஷா உள்ளே போய்விட்டாள். ஹஃபீசாவுக்குக் காது சூடாகியது.

"எனக்கு டிரம்ஸ் வாசிக்கத் தெரியாதுண்ணா. இன்னும் ஆறு நாள்ல இருநூறு பேர் இதுக்கு ஆடணும். நாப்பது பேர்லயே பாதிப் பேர் நின்னுட்டாங்க. ஸ்கேன் மெஷின் மாதிரி இருக்குன்னு ஒரு அம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. இப்ப பாவம் பாக்கணும்னா என்னையத்தான் பாக்கணும்."

ஜாய்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், "ஸ்கேன் மெஷினா?" என்றான்.

வலது கை விரல்களால் ஒரு சதுரத்தைத் தட்டிப் பார்த்தான். மெதுவாக, பிறகு பலமாக. சத்தம் வித்தியாசப்படுவதைக் கவனித்தான். அடுத்த சதுரம். சாப்பாடு ஆறிப்போகிறது என்று ஜெரூஷா இரண்டு முறை கூப்பிட்டாள். யாருக்கும் காதில் விழவில்லை.

ஒரு கையில் எல்லாவற்றையும் சேர்த்து வாசிக்க முடியாது. அதனால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் கிக் மட்டும். அதைக் கேட்டுக்கொண்டே ஹை-ஹாட். அதன்மேல் ஸ்னேர். வலது கை எல்லாவற்றையும் செய்தது. கடைசியாக அந்தச் சின்ன அடிகள் பாக்கி இருந்தன. ஜாய்சன் டீப்பாயை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். பிறகு இடது கையை வலது கையால் தூக்கிப் பெட்டியின்மேல் வைத்து, அசையும் இரண்டு விரல்களால் தட்டினான். சில அடிகள் விழவே இல்லை. சில தாமதமாக விழுந்தன. சட்டை நனையும் அளவு வியர்த்தது.

முடிந்ததும், "அந்தக் கடைசி டிராக்க தூக்கிப் போட்டுடு," என்றான், பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு.

ஹஃபீசா அதைத் தூக்கிப் போடவில்லை. அன்று மாலையே வீட்டில் உட்கார்ந்து திறந்தாள். திரையில் அவனுடைய அடிகள் கட்டத்தின் கோட்டுக்கு முன்னும் பின்னுமாகச் சிதறிக் கிடந்தன. இடது கை அடிகள் பலவும் கோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்தன. அவன் வியர்த்தது நினைவுக்கு வந்தது. இருநூறு பேர் முன்னால் இது இப்படியே ஒலித்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தாள். எல்லா அடிகளையும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் இழுத்துக் கோட்டின்மேல் நிறுத்துகிற பொத்தானை அழுத்தினாள். விழாமல் போன இடங்களில் புது அடி வைத்தாள். பலவீனமானவற்றின் சத்தத்தை ஏற்றினாள். நல்ல காரியம் செய்த திருப்தியுடன் ஜாய்சனுக்கு அனுப்பி, "சூப்பரா வந்திருக்குண்ணா" என்று ஒரு வரியும் சேர்த்தாள்.

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அதற்கும் மறுநாள் ஜெரூஷாதான் கூப்பிட்டாள். "என்னடி பண்ணே? ஞாயித்துக்கிழமை ராத்திரி டேபிள்ல தாளம் போட்டுட்டே சாப்பிட்டார்டி. நீ அனுப்பினதக் கேட்டார், அதோட சரி. என்னன்னு கேட்டா, 'அதுல நான் எங்க இருக்கேன்'னு சொல்றார்."

"நல்லா இருக்கணும்னுதான்டி பண்ணேன்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நீயே பேசு."

போனை வைத்துவிட்டு ஹஃபீசா இரண்டையும் கேட்டாள். தான் திருத்தியதை முதலில். பழைய ஸ்கேன் மெஷின்தான், கொஞ்சம் அலங்காரம் செய்துகொண்டிருந்தது. பிறகு அவன் வாசித்தபடியே இருந்ததை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுடைய முட்டி, அவள் சொல்லாமலே ஆடத் தொடங்கியது. ஹை-ஹாட் ஒரு அடி உரக்கவும் ஒரு அடி தணிந்தும் மூச்சுவிட்டது. ஸ்னேர் ஒரு இமைப்பொழுது பின்தங்கி விழுந்து, அடுத்த கிக்கை இழுத்துக்கொண்டு வந்தது. எல்லாம் அவளுக்கு முன்பே காதில் விழுந்திருக்க வேண்டும். அன்று மாலை அவள் திரையைத்தான் பார்த்தாள். அதிலும், அடிகளை விட்டுவிட்டு, காயம்பட்ட ஒரு கையைப் பார்த்தாள்.

மாலை ஐந்தரை மணிக்கு ஜாய்சனின் கம்பெனி பஸ் தாம்பரம் மேற்கில் ஆள் இறக்கும். ஹஃபீசா அங்கே போய் நின்றாள். அவளைப் பார்த்ததும் அவன் நடையைக் குறைத்தானே தவிர, திரும்பிப் போகவில்லை. பக்கத்து டீக்கடையில் இரண்டு டீ சொன்னான்.

"சாரிண்ணா."

"எதுக்கு?"

"திருத்தினதுக்கு."

"திருத்தினதுக்கு சாரி வேணாம்." டீயை ஆற்றிக்கொண்டே பேசினான். "தப்பா வாசிச்சிருக்கீங்கன்னு சொல்லியிருந்தா திரும்ப வாசிச்சிருப்பேன். பத்து வாட்டி வாசிக்கச் சொல்லு, வாசிக்கிறேன். நீ சொல்லல. பின்னாடி வந்து சத்தமில்லாம சரி பண்ணிட்டு, சூப்பர்னு சொல்ற. கம்பெனியில இதேதான். நான் எழுதின லிஸ்ட்ட எனக்குத் தெரியாம இன்னொருத்தர் செக் பண்றாரு. கைதானே போச்சு, கணக்குமா போச்சு? சர்ச்ல நாற்காலிய எடுத்துப் போட வந்தா, 'ஐயோ நீங்க உக்காருங்க பிரதர்'ங்கிறாங்க. எல்லாரும் நல்லவங்கதான். நான் யாரையும் திட்ட முடியல, அதான் பேஜார்."

ஹஃபீசா டம்ளரைக் கீழே வைத்தாள். என்ன சொன்னாலும் அது இன்னொரு ஆறுதலாகப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. கடைசியில் உள்ளதைச் சொன்னாள்.

"நீங்க வாசிச்சதையே வெச்சுக்கப் போறேன். ஆனா ரெண்டு இடம் நிஜமாவே மோசம்ணா."

அவன் நிமிர்ந்தான். "எது?"

"எட்டாவது நிமிஷம். ரோல் முடிஞ்சு வரும்போது அவசரப்பட்டு ஓடுறீங்க. அப்புறம் இருபத்தி மூணுல, இடது கை அடியெல்லாம் கிக்கோட இடிக்குது. கேக்கவே முடியல."

"எட்டு ஒண்ணும் மோசம் இல்லை. உனக்கு அது புரியல."

"மோசம்தாண்ணா."

"இருபத்தி மூணு எனக்கே தெரியும்," என்று ஒத்துக்கொண்டான். "களைச்சுப் போயிட்டேன். நாளைக்கு வந்து திரும்ப வாசிக்கிறேன். எட்டையும் வாசிச்சுக் காட்டுறேன், அப்ப பேசு."

மறுநாள் வேலை முடிந்து நேராக ஹஃபீசாவின் வீட்டுக்கு வந்தான். இருபத்தி மூன்றாவது நிமிடத்தை ஏழு முறை வாசித்தான். எட்டாவது நிமிடத்தை அவன் பிடிவாதமாக மாற்ற மறுத்தான். அரை மணி நேரம் வாக்குவாதம் செய்த பிறகு பாதி ரோலை வெட்டிப் போட இருவரும் சம்மதித்தார்கள். ஒரே ஹை-ஹாட் சத்தம் ஓயாமல் வருவது சலிப்பாக இருக்கிறது, இதோடு ஏதாவது கிலுகிலுவென்று வேண்டும் என்றான் ஜாய்சன். அரிசி டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார்கள். சத்தம் மந்தமாக இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்த ஹனீஃபா வாசலில் நின்று கொஞ்ச நேரம் இதைப் பார்த்தார்.

"அரை இஞ்சு ஆணி இருக்கு, வேணுமா?" என்றார்.

வண்டிப் பெட்டியில் இருந்த பொட்டலத்தை எடுத்து வந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டினார். ஜாய்சன் குலுக்கினான். பளிச்சென்று கேட்டது. ஹனீஃபா தலையை ஒரு பக்கம் சாய்த்து, "கொஞ்சம் ஜாஸ்தி. பாதிய எடுத்துட்டுக் குலுக்குங்க தம்பி," என்றார். அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. அரை மணி நேரமும் ஆணி டப்பாவைக் குலுக்கியது அவரேதான். நகல் எடுத்து ஒட்டிவிடலாம் என்று மகள் சொன்னதற்கு, "அப்ப நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் தோள் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஏரிக்கரையில் வெயில் ஏறுவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது. இருநூறு பேர் என்று சொன்னதில் நூற்றறுபது பேர்தான் வந்திருந்தார்கள். சுடிதாரில், டிராக் பேண்ட்டில், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு என்று வரிசை வரிசையாக நின்றார்கள். நடைப்பயிற்சிக்கு வந்த ஆண்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜாய்சனும் ஜெரூஷாவும் ஸ்பீக்கர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

சாராள் மேடைமேல் ஏறி விசில் ஊதினார். இசை தொடங்கியது.

முதல் ஐந்து நிமிடம் எல்லா இசைக்கும் எல்லாரும் ஆடுவார்கள். ஹஃபீசா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டாவது நிமிடத்தில் அந்தப் பாதி ரோல் வந்து விழுந்தபோது முன்வரிசையில் யாரோ 'ஹேய்' என்று கத்தினார்கள். ஜாய்சன் திரும்பி ஹஃபீசாவை ஒரு பார்வை பார்த்தான். பன்னிரண்டாவது நிமிடம் வந்தது, போனது. யாரும் நிற்கவில்லை. சாராள் கத்துவதை நிறுத்திவிட்டுத் தானும் ஆடிக்கொண்டிருந்தார். தபீதாள் கூந்தல் அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் பக்கத்து ஆளின் வரிசைக்குள் போய் ஆடினார். வேலியோரத்து ஆண்களில் ஒருவர் செருப்பால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பதினெட்டாவது நிமிடத்தில் கொஞ்சம் தளர்ந்தது. பின்வரிசைகளில் பலர் தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போனார்கள். சிலர் திரும்பி வரவில்லை. மற்றவர்கள் கடைசிவரை ஆடினார்கள். முடிந்ததும் கைதட்டலும் மூச்சிரைப்பும் சேர்ந்து எழுந்தன.

ஜெரூஷா அழுதுகொண்டிருந்தாள். அதை மறைக்க ஜாய்சனின் முதுகுப் பக்கம் நின்றாள்.

சாராள் மைக்கில் மூச்சுவாங்கினார். "இந்த மியூசிக் போட்ட பொண்ணு இங்கதான் கீது. ஹஃபீசா, மேல வாம்மா. ரெண்டு வார்த்தை பேசு."

மேடை ஏறி மைக்கை வாங்கியபோது ஹஃபீசாவிடம் பெரிய பேச்சு ஒன்று தயாராக இருந்தது. ஒரு விபத்து, எட்டு மாதம், இரண்டு விரல் என்று அது வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தது. சொன்னால் நூற்றறுபது பேரும் கண்கலங்குவார்கள். வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஜாய்சனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது. அவள் சொல்லப்போவது என்னவென்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

"மியூசிக் நான்," என்றாள். "டிரம்ஸ், சேலையூர் ஜாய்சன். நல்லா வாசிச்சிருக்காரு. ஆணி டப்பா எங்க அத்தா."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. ஜாய்சன் வலது கையைத் தூக்கி ஒரு சின்ன வணக்கம் வைத்தான், மேடைக் கலைஞர்கள் வைப்பார்களே, அப்படி.

அவள் இறங்கி வந்ததும் அவன் முதலில் கேட்டது வேறு. "பதினெட்டுல பாத்தியா?"

"பாத்தேன். தண்ணி குடிக்கப் போனாங்க."

"தண்ணி தாகம் இல்லை. அங்க நாலு நிமிஷமா நான் ஒரே மாதிரி வாசிச்சிட்டிருக்கேன். நானே கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிருப்பேன். அத மாத்தணும். நாளைக்கு ஃப்ரீயா?"

"நாளைக்கு வீட்ல பிரியாணிண்ணா. சர்ச் முடிஞ்சதும் ஜெரூஷாவையும் கூட்டிட்டு வந்துடுங்க. சாப்பிட்டுட்டு ஆரம்பிக்கலாம்."

"ஆரம்பிச்சிட்டு சாப்பிடலாம்," என்றான் ஜாய்சன். ஸ்பீக்கர் வண்டிக்காரர் ஒயர்களைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். ஜாய்சன் ஒரு முனையை எடுத்து இடது முழங்கையில் சுற்ற ஆரம்பித்தான். ஹஃபீசா அடுத்த ஒயரை எடுத்துக்கொண்டாள்.